செம்மண் முதல் நாமக்கட்டி வரை: மண்வண்ணம் தயாரித்துத் தீட்ட முழுமையான வழிகாட்டி

காட்டோரத்துச் செம்மண்ணை ஒரு கை அள்ளி, கொஞ்சம் பசை சேர்த்துத் தண்ணீரில் குழைத்துத் தாளில் பூசினால் ஈரத்தில் அருமையாக இருக்கும். காய்ந்ததும் விரலோடு வந்துவிடும். சரி, பசை போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். இந்த முறை வெடித்துச் செதில் செதிலாக உதிரும். மண்வண்ணம் கற்றுக்கொள்ள வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பசையை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். கோளாறு அதற்கு வெகு முன்பே, மண்ணை அலசாமல் விட்டதில் இருக்கும்.

இந்த வேலையில் ஒரு படியில் செய்த அவசரம் இரண்டு மூன்று படி தள்ளித்தான் வெளியே தெரியும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் ஒரு நிறத்தை மட்டும் முழுதாகச் செய்து பாருங்கள். செம்மண் அதற்கு ஏற்றது. அது கைவந்த பிறகு மற்ற நிறங்களுக்குப் போகலாம்.

1. எதன்மேல் தீட்டப் போகிறீர்கள்?

மண் தேடப் புறப்படும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். மண்ணுக்குத் தானாக ஒட்டும் குணம் கிடையாது. எது அதைப் பிடித்து வைக்கப் போகிறது என்பது தளத்தைப் பொறுத்தது.

தடித்த தாள் என்றால் கருவேலம் பிசின். பலகை, துணி என்றால் முதலில் புளியங்கொட்டைப் பசையில் ஒரு அடித்தளம் போட்டு, அதன்மேல் பிசின் கலந்த வண்ணம். சுண்ணாம்பு அடித்த சுவர் என்றால் பிசினே வேண்டாம், சுண்ணாம்பே பிடித்துக்கொள்ளும்.

எமல்ஷன் அடித்த சுவரில் இவை எதுவும் நிற்காது. அது பிளாஸ்டிக் படலம், தண்ணீரை உள்ளே விடாது. வண்ணம் மேலேயே உட்கார்ந்து, காய்ந்ததும் உரிந்து வரும். "வீட்டு ஹால் சுவரில் வரையலாமா?" என்று கேட்பவர்களிடம், பலகையில் வரைந்து மாட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

மூன்று வாளி, ஒரு மண்வெட்டி, பழைய பருத்தி வேட்டித் துணி, கொசுவலைத் துண்டு, உடைந்த மண்பானை ஓடுகள், வழவழப்பான பழைய அம்மி அல்லது தடித்த கண்ணாடிப் பலகை, அடி தட்டையான கண்ணாடிக் குவளை, மூடி போட்ட கண்ணாடிப் புட்டிகள், ஒரு நோட்டுப் புத்தகம்.

அம்மி சமையலுக்குத் திரும்பக் கூடாது. புதிதாகக் கொத்திய அம்மியும் வேண்டாம். கொத்திய குழிகளில் முந்தைய நிறம் தங்கி அடுத்ததைக் கெடுக்கும். போதாக்குறைக்குக் கல்பொடி வேறு உதிரும்.

மிக்ஸியில் உலர்ந்த மண்ணைப் போட்டுச் சுற்றாதீர்கள். மூடியைத் திறந்ததும் புகையாக எழும் அந்தத் தூசியில் நுண்ணிய மணல் இருக்கும். தொடர்ந்து நுரையீரலுக்குள் போனால் திரும்பச் சரிசெய்ய முடியாத கெடுதல். முடிந்த வரை எல்லாவற்றையும் ஈரத்திலேயே செய்யுங்கள். உலர்ந்த பொடியைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம்.

3. மண்ணைத் தேர்ந்தெடுத்தல்

சிவப்பும் மஞ்சளும் தருவது இரும்பு ஆக்சைடு. நீர் சேர்ந்த வடிவம் மஞ்சள், நீரற்ற வடிவம் சிவப்பு. அதனால்தான் மேட்டுநிலத்தில், வெயில் நன்றாகக் காய்ந்த இடத்தில் சிவப்பும், ஈரம் தங்கும் அடி அடுக்குகளில் மஞ்சளும் அதிகம் கிடைக்கிறது. கிணறு வெட்டிப் போட்ட மண்மேடு, வீட்டுக்கு அடித்தளம் தோண்டிய குழி, ஓடைக்கரையின் வெட்டுமுகம் ஆகிய மூன்றையும் பார்த்தாலே ஒரே ஊரில் நான்கைந்து நிறம் சேர்ந்துவிடும்.

புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்புராங்கல்லைத் தட்டிப் பார்த்தால் உள்ளே மஞ்சளும் சிவப்பும் பொட்டுப் பொட்டாகக் கலந்திருக்கும். பொறுக்கிப் பிரித்தால் இரண்டு நிறமும் கிடைக்கும். சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துத் தேரிமண் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. ஆனால் அது மணல். நிறம் ஒவ்வொரு மணியின் மேலும் தோலாக மட்டுமே இருக்கிறது. வாளி நிறைய அலசினாலும் கொஞ்சம்தான் தேறும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

கரிசல் மண்ணைக் கறுப்புக்காக அள்ளி வருபவர்கள் உண்டு. அது ஏமாற்றும். அந்தக் களி ஈரத்தில் உப்பிக் காய்ந்ததும் சுருங்கும். கோடையில் கரிசல் காடு பிளந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான் தாளிலும் நடக்கும். நிறமும் காய்ந்தால் சாம்பல்தான். கறுப்புக்குக் கரி போதும், அதற்கு 8ஆம் பகுதியில் வருகிறேன்.

புற்றுமண் எனக்குப் பிடித்த மண். கறையான் தன் வாய்க்கு எட்டிய நுண்மண்ணை மட்டும் எடுத்துக் கட்டுவதால், அதில் பாதி வேலை முடிந்திருக்கும். கைவிடப்பட்டுச் சரிந்த புற்றாகப் பாருங்கள். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த புற்றைத் தொடவே வேண்டாம். அது ஊரார் கும்பிடும் இடம். எந்தப் புற்றானாலும் கையை விடும் முன் நீளக் கம்பால் கிளறிப் பாருங்கள், பாம்பு இருக்கலாம்.

எங்கே எடுக்கக் கூடாது என்பதும் முக்கியம். நெடுஞ்சாலை ஓரம், தோல் பதனிடும் பட்டறைகளின் கழிவு ஓடும் பகுதி, சாயக்கழிவு ஓடை, குப்பைமேடு எதுவும் வேண்டாம். தோல் கழிவில் குரோமியம் இருக்கும், அது அலசினால் போகாது. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடத்திலும் காப்புக்காட்டிலும் ஒரு பிடிகூட எடுக்கக் கூடாது. தனியார் நிலமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். இரண்டு கிலோ மண்ணுக்கு யாரும் மறுப்பதில்லை.

மேல்மண் ஒரு சாண் ஆழத்தைத் தள்ளிவிட்டுக் கீழே இருப்பதை எடுங்கள். மேலடுக்கில் வேரும் மக்கிய இலையும் கலந்திருக்கும். அது வண்ணத்தில் சேர்ந்தால் நிறம் மங்கும், புட்டியில் நாறும்.

எடுத்த இடத்திலேயே ஒரு சோதனை: கொஞ்சம் மண்ணை எச்சில் அளவு ஈரத்தில் குழைத்து உள்ளங்கையில் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய பிறகும் ரேகைகளில் நிறம் தங்கினால் நல்ல மண். நரநரவென்று உருண்டு ஓடிவிட்டால் மணல்தான் அதிகம்.

4. முதலில் காயவையுங்கள், பிறகு ஊறப்போடுங்கள்

ஈரமண்ணை நேராகத் தண்ணீரில் போட்டால் சீக்கிரம் கரையும் என்றுதான் தோன்றும். நடப்பது தலைகீழ். அரைகுறை ஈரமுள்ள களிக்கட்டி நாள்கணக்கில் கட்டியாகவே கிடக்கும். எலும்பாகக் காய்ந்த கட்டியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், குமிழி விட்டுக்கொண்டு தானே பிளந்து மாவாகச் சரியும். காய்ந்த துளைகளுக்குள் தண்ணீர் வேகமாகப் புகுந்து, உள்ளிருக்கும் காற்றைத் தள்ளிக் கட்டியை உடைக்கிறது.

இரண்டு மூன்று நாள் கடும் வெயிலில் காயவைத்து, கட்டிகளைத் தட்டி, கல்லையும் வேரையும் பொறுக்கிவிட்டு, மண்ணைப் போல நான்கைந்து மடங்கு தண்ணீரில் போடுங்கள். போட்ட உடனே கிளற வேண்டாம், தானாகச் சரியட்டும். ஒரு இரவு கழித்துக் கையால் நன்றாகப் பிசைந்து கரையுங்கள்.

5. அலசித் தெளிய வைத்தல்

மொத்த வேலையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. இங்கே செலவிடும் ஒரு நாள், அம்மியில் மூன்று நாள் வேலையைக் குறைக்கும்.

தண்ணீரில் பெரிய மணி வேகமாக இறங்கும், சிறிய மணி மெதுவாக இறங்கும். இந்த ஒரு விதியை வைத்துத்தான் மணலையும் வண்ணத்தையும் பிரிக்கிறோம். சல்லடையால் இவ்வளவு நுண்மையாகப் பிரிக்கவே முடியாது.

முதலில் கரைசலைக் கொசுவலையில் வடிகட்டிக் குப்பையை நீக்குங்கள். வாளியில் ஒரு சாண் ஆழம் கரைசல் இருக்கட்டும். அடி வரை கை விட்டு நன்றாகக் கலக்கி, கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். அதற்குள் மணல் அடியில் உட்கார்ந்துவிடும். கலங்கல் தண்ணீரை மட்டும் வாளியை மெல்லச் சாய்த்து இரண்டாவது வாளியில் ஊற்றுங்கள். அடியில் உள்ளது நகரத் தொடங்கியதும் உடனே நிறுத்துங்கள். கடைசி டம்ளர் கலங்கலையும் விடக் கூடாது என்று ஆசைப்பட்டுச் சாய்ப்பவர்கள்தான் மணலையும் சேர்த்துக் கொண்டுபோகிறார்கள்.

அடியில் தங்கிய மணலில் இன்னும் நிறம் ஒட்டியிருக்கும். தண்ணீர் ஊற்றி, உள்ளங்கைகளுக்கு நடுவே மணலை மணலோடு தேய்த்துக் கலக்கி, மறுபடி ஒரு நிமிடம் விட்டு ஊற்றுங்கள். தண்ணீர் வெளிறும் வரை செய்யலாம். தேரிமண்ணுக்கு இந்தத் தேய்ப்புதான் எல்லாமே.

இப்போது இரண்டாவது வாளியைக் கலக்கி, எட்டிலிருந்து பத்து நிமிடம் விடுங்கள். அடியில் மாவு போன்ற வண்டல் தங்கும். மேலே உள்ள கலங்கலை மூன்றாவது வாளிக்கு மாற்றுங்கள். அந்த மூன்றாவது வாளியில் இருப்பதுதான் உங்கள் வண்ணம். இரண்டாவது வாளி வண்டலையும் வீசாதீர்கள். சுவர் வேலைக்கும் பலகையின் அடிப்பூச்சுக்கும் அது நன்றாகவே உதவும்.

மூன்றாவது வாளியை மூடி வையுங்கள். சில மண் ஒரே இரவில் தெளியும். சில களி மூன்று நாளானாலும் மோர் நிறத்தில் மிதந்துகொண்டே இருக்கும். அதற்குத் தேற்றாங்கொட்டையைச் சொரசொரப்பான மண்சட்டியின் உட்புறத்தில் கொஞ்சம் இழைத்துக் கலக்கிவிட்டால் போதும். குடிதண்ணீரைத் தெளிவிக்க நம் ஊர்களில் செய்ததுதான். மிதக்கும் துகள்களைக் கூட்டாகச் சேர்த்துக் கீழே இறக்கும். படிகாரமும் இதைச் செய்யும், ஆனால் அது அமிலத்தன்மை கொண்டது. போட்டால் ஒரு சிட்டிகை மட்டும் போட்டு, தெளிந்த பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட வேண்டும்.

6. உப்பு இருக்கிறதா என்று பாருங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. கடலோர மண்ணிலும் உவர் பூத்த நிலத்து மண்ணிலும் உப்பு கரைந்திருக்கும். தீட்டி முடித்துச் சில வாரம் கழித்து, ஓவியத்தின்மேல் வெள்ளையாகப் பூத்து வரும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

தெளிந்த தண்ணீரில் இரண்டு கரண்டி எடுத்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றி வெயிலில் வற்றவிடுங்கள். வெள்ளை வளையம் தங்கினால் உப்பு இருக்கிறது. தெளிவை இறுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி, கலக்கித் தெளிய வைத்து, மறுபடி பாருங்கள். வளையம் மறையும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். உங்கள் போர்த் தண்ணீரே உப்பு என்றால் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் எத்தனை முறை அலசினாலும் வளையம் போகாது.

7. உலர்த்துதலும் வறுத்தலும்

தெளிவை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய குழம்பைப் பருத்தித் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். சொட்டு நின்ற பிறகு பானை ஓடுகளின் உட்புறத்தில் மெல்லிதாக வழித்துப் பரப்புங்கள். சுட்ட மண் ஓடு அடியிலிருந்து ஈரத்தை இழுப்பதால் ஒரே நாளில் காய்ந்து, தானே வில்லை வில்லையாக விட்டுக்கொள்ளும். இரும்புத் தட்டில் காயவைத்தால் வெளிர்நிறங்களில் துருக்கறை ஏறும்.

காய்ந்த வில்லையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அப்படியே புட்டியில் அடைத்தால் பூசணம் பிடிக்கும்.

மஞ்சள் மண் கிடைத்தவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அதில் ஒரு பங்கைப் பழைய இரும்புச் சட்டியில் மெல்லிதாகப் பரப்பி, கிளறிக்கொண்டே வறுத்தால் 250 முதல் 300 டிகிரி வெப்பத்தில் அதில் கட்டுண்ட நீர் பிரிந்து சிவப்பாக மாறும். பாதியில் நிறுத்தினால் நடுவில் ஆரஞ்சு, செங்கல் நிறமெல்லாம் கிடைக்கும். ஒரே மண்ணில் நான்கு நிறம் வந்தால், அவை படத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஒத்துப்போகும் அழகு தனி.

இங்கே ஒரு பொறி உண்டு. சூடாக இருக்கும்போது சிவப்பு மண் நிஜத்தைவிடக் கறுத்துத் தெரியும், ஆறினால் தெளிந்து வரும். அதனால் சட்டியில் தெரியும் நிறத்தைப் பார்த்து நிறுத்தாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் ஆறவைத்து வரிசையாக வையுங்கள். ஆறிய வரிசையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

8. வெள்ளையும் கறுப்பும்

வெள்ளைக்கு எளிய வழி நாமக்கட்டி. அது வெள்ளைக் களிமண்தான். தட்டி ஊறப்போட்டு, 5ஆம் படி போலவே அலசிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடச் சாக்பீஸ் பலவும் ஜிப்சத்தில் செய்தவை. சொரசொரப்பாகவே நிற்கும், அதை விட்டுவிடலாம்.

பிசின் கலந்த நாமக்கட்டி வெள்ளை ஈரத்தில் கண்ணாடி மாதிரி அடியைக் காட்டும். ஒன்றும் மூடவில்லையே என்று மேலும் மேலும் பூசுகிறார்கள். அது காய்ந்த பிறகுதான் வெளுக்கும். ஒரு பூச்சு பூசிவிட்டுக் கால்மணி நேரம் வேறு வேலை பாருங்கள்.

கறுப்புக்கு நல்லெண்ணெய் விளக்கின் சுடர்மேல் மண்தட்டைக் கவிழ்த்துச் சேர்த்த விளக்குக்கரி, அல்லது மூடிய பானையில் காற்றில்லாமல் சுட்ட சிரட்டைக்கரி. விளக்குக்கரி தண்ணீரில் மிதந்துகொண்டு கலக்கவே கலக்காது. மருந்துக்கடை ஸ்பிரிட்டைச் சில சொட்டு விட்டு முதலில் பசையாக்கி, பிறகு பிசின் தண்ணீரைச் சேர்த்தால் அடங்கிவிடும். பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. சிரட்டைக்கரியை ஈரத்தில் நன்றாக அரைக்க வேண்டும். அதன் கறுப்பில் இலேசான நீலச்சாயல் இருக்கும்.

நாட்டுமருந்துக் கடையில் நிறத்துக்காக அரிதாரமும் சாதிலிங்கமும் வாங்கிவரும் ஆர்வம் சிலருக்கு உண்டு. முன்னது ஆர்செனிக், பின்னது பாதரசம். இரண்டையும் வீட்டில் அரைக்கக் கூடாது. அதே கடையில் பூங்காவி கிடைக்கும். அது காவிக்கல், தாராளமாக வாங்கலாம்.

9. பிசின் தயாரித்தல்

நாட்டுக் கருவேல மரத்தின் பிசின் வேண்டும். சீமைக்கருவேலத்தின் பிசின் நிறம் கறுத்தது, வெளிர்நிறங்களை அழுக்காக்கும். வேப்பம் பிசினும் நன்றாகவே கரையும். ஆனால் அதன் பழுப்பு நிறத்தால் சிவப்புக்கும் கறுப்புக்கும் மட்டும் ஏற்றது.

பாதாம் பிசின் வாங்கி வருபவர்கள் அடிக்கடி உண்டு, கடையில் அதுதான் எளிதாகக் கிடைக்கிறது. ஜிகர்தண்டாவில் பார்த்தது போல அது தண்ணீரில் உப்பும், கரையாது. வண்ணத்தில் சேர்த்தால் தூரிகையில் கொழகொழவென்று இழுபடும். வாங்கும் முன் ஒரு துண்டை ஊறவைத்துப் பாருங்கள். மறுநாள் தண்ணீரோடு தண்ணீராகத் தேன் மாதிரி ஆகியிருந்தால் சரியான பிசின்.

தேன்நிறத் துண்டுகளாகப் பொறுக்கி, மரப்பட்டை ஒட்டியதை நீக்கி, இடித்துக்கொள்ளுங்கள். 100 கிராம் பிசினுக்கு 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். கொதிக்கவிட வேண்டாம். இரவு முழுக்க ஊறிய பிறகு துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். ஊறவைக்கும் தண்ணீரை இரண்டு கிராம்பு போட்டுக் காய்ச்சி ஆறவைத்துக்கொண்டால் புளிப்பது தள்ளிப்போகும். பிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். புளித்த வாடை வந்துவிட்டால் பிடிப்பும் போயிருக்கும்.

100 மில்லி கரைசலுக்குக் கால் டீஸ்பூன் தேன் சேர்த்தால் வண்ணம் காய்ந்தபின் வெடிக்காது. அதிகம் சேர்த்தால் ஐப்பசி மழையில் ஓவியம் பிசுபிசுக்கும், எறும்பும் வரும்.

10. அரைத்துக் குழைத்தல்

வில்லையைத் தூளாக்கி, முதலில் வெறும் தண்ணீர் தெளித்துக் கெட்டிப் பசையாக்குங்கள். பிசினை இப்போதே ஊற்றாதீர்கள். உலர்ந்த தூளில் பிசின் விழுந்தால் வெளிப்பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு, உள்ளே உலர்ந்த கட்டிகள் மறைந்திருக்கும். தீட்டும்போது அவை உடைந்து கோடு கோடாக வரும்.

பசை சீரானதும் கண்ணாடிப் பலகையில் போட்டு, கிட்டத்தட்டச் சம அளவு பிசின் கரைசல் சேர்த்து, குவளையின் அடியால் எட்டுப் போடுவது போலச் சுற்றித் தேயுங்கள். பரவியதை அடிக்கடி வழித்து நடுவில் கூட்டுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் கரகரவென்று சத்தம் வரும். சத்தம் அடங்கி, குவளை வழுக்கிக்கொண்டு போனால் போதும். அரைமணி தேய்த்தும் கரகரப்பு நிற்கவில்லையென்றால் தேய்ப்பதை விட்டுவிட்டு 5ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள். மணலைத் தேய்த்துக் களியாக்க முடியாது.

11. பட்டைச் சோதனை

தீட்டப் போகும் அதே தாளின் ஓரத்துண்டில் பட்டையாகப் பூசி, முழுதாகக் காயவிட்டு, விரலால் அழுத்தித் தேயுங்கள். விரலில் நிறம் வந்தால் பிசின் குறைவு. பளபளத்தாலோ, தாளை மடக்கும்போது விரிசல் விட்டாலோ பிசின் அதிகம். அதிகமானால் தண்ணீர் ஊற்றாதீர்கள், இன்னும் கொஞ்சம் மண்பசையைச் சேருங்கள்.

எல்லா மண்ணுக்கும் ஒரே அளவு செல்லாது. நுண்ணிய மஞ்சள் களி அதிகமாகக் குடிக்கும், சொரசொரப்பான மண் குறைவாகக் கேட்கும். அதனால்தான் நோட்டு. மண் எடுத்த இடம், தேதி, எத்தனை கரண்டிக்கு எத்தனை கரண்டி பிசின், பக்கத்தில் பட்டை. அடுத்த ஆண்டு அதே நிறம் வேண்டுமென்றால் இந்தப் பக்கம்தான் கைகொடுக்கும்.

பட்டையில் சரியாக இருந்து ஓவியத்தில் மட்டும் உதிர்கிறதா? அப்போது தாளைச் சந்தேகப்படுங்கள். கையால் செய்த தாள்கள் சில, பிசினை உறிஞ்சிக்கொண்டு மண்ணை மட்டும் மேலே விட்டுவிடும். மெல்லிய சாதக் கஞ்சியை ஒரு முறை பூசிக் காயவைத்துவிட்டுத் தீட்டினால் சரியாகிவிடும்.

12. தாளிலும் பலகையிலும் தீட்டும் வரிசை

பலகைக்கும் துணிக்கும் அடித்தளம் வேண்டும். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, இரவு ஊறவைத்து, அரைத்து, தண்ணீரில் கிளறிக் காய்ச்சினால் கண்ணாடிப் பதத்தில் பசை கிடைக்கும். வடிகட்டி, அலசிய நாமக்கட்டியைத் தோசைமாவுப் பதத்தில் கலந்து மூன்று மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. கடைசியில் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். ஒடிசாவில் பட்டசித்திரம் வரைபவர்களும் துணியை இந்தப் பசையால்தான் தயார் செய்கிறார்கள். பசை மறுநாளே கெட ஆரம்பிக்கும், அன்றன்றைக்குக் காய்ச்சுவதே நல்லது.

தீட்டும்போது பெரிய பரப்புகளை மஞ்சளிலும் வெளிர்நிறங்களிலும் முடித்துவிட்டு, அடுத்து சிவப்பு, பழுப்பு, கடைசியில் கறுப்புக் கோடு, வெள்ளைப் புள்ளி. பிசின் வண்ணம் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும். அடர்நிறத்தை முதலில் போட்டு அதன்மேல் வெளிர்நிறம் பூசினால், அடியில் உள்ளது கரைந்து மேலே ஏறி அழுக்காகும். ஒரே இடத்தில் தூரிகையை முன்னும் பின்னும் ஓட்டாதீர்கள். ஒரு இழுப்பு, எடுத்துவிடுங்கள்.

பச்சை மண் நம் பக்கத்தில் கிடைப்பது அரிது. மஞ்சள் மண்ணில் துளிக் கரி சேர்த்தால் வாடிய இலை நிறத்தில் ஒரு பச்சை வரும். நீலத்துக்குச் சிரட்டைக்கரியில் நாமக்கட்டி கலந்த சாம்பல் நிறத்தை மஞ்சள் காவிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண் அதை நீலமாகவே எடுத்துக்கொள்ளும். கடையில் வாங்கிய நீலத்தைச் சேர்த்தால் அது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். சேர்க்காமல் விடுவதே என் விருப்பம்.

மேலே வார்னிஷ் அடிக்க வேண்டாம். மண்வண்ணத்தின் மங்கிய, மாவு படிந்த தோற்றம் துகள்களுக்கு நடுவே காற்று இருப்பதால் வருவது. வார்னிஷ் அந்த இடைவெளியை நிரப்பிவிடும். எல்லா நிறமும் ஈரம் பட்டது போல இருண்டுவிடும். கண்ணாடிச் சட்டம் போடுங்கள், கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டு.

13. சுவரில் தீட்டுவதென்றால்

இங்கே முறை முற்றிலும் வேறு. நீற்றிய சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு கல்லாக மாறும்போது மண்ணையும் தன்னோடு பிடித்துக்கொள்கிறது.

கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இறங்காதீர்கள். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டில் இளகிவிடும், இரும்பு வாளியோ மண்தொட்டியோ வையுங்கள். சில நாள் ஊறிய பிறகு துணியில் வடிகட்டிப் பால் பதத்துக்குக் கரையுங்கள்.

அலசிய மண்ணைத் தனியே பசையாக்கிச் சுண்ணாம்புப் பாலில் சேருங்கள். சுண்ணாம்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மண் போகக் கூடாது. மிஞ்சினால் பிடிமானம் குறைந்து, சாய்ந்து உட்காருபவர் முதுகில் நிறம் ஒட்டும். கலவை காய்ந்தால் பல மடங்கு வெளிறிவிடும், ஆகவே ஒரு செங்கல்லில் பூசிக் காயவைத்துப் பார்த்துவிட்டுத்தான் நிறத்தை முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு இரும்பு மண்ணும் கரியும் மட்டும். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள்தூள் சிவந்து, பிறகு வெளிறிவிடும் என்பது ஆரத்தி கரைத்தவர்கள் எல்லோரும் அறிந்ததே. இலைச்சாறு, பூச்சாறு எதுவும் இதில் நிலைக்காது.

தீட்டும் முன் சுவரை நன்றாக நனையுங்கள். காலையிலோ சாயங்காலமோ பூசுங்கள். உச்சி வெயிலில் பூசினால், சுண்ணாம்பு இறுகுவதற்குத் தேவையான ஈரம் அதற்குள் பறந்துவிடும். இறுகாமலே பொடியாக நின்றுவிடும். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய மூன்று பூச்சு மேல். அடுத்த இரண்டு நாள் காலையில் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.

சாணம் மெழுகிய மண்சுவர் என்றால் சுண்ணாம்பு ஏறாது. அரிசிக் கஞ்சியில் மண்ணைக் கரைத்துப் பூசலாம். மழைச்சாரல் படாத தாழ்வாரத்துக்கு மட்டும் அது பொருந்தும், ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டியிருக்கும்.

14. எடுத்து வைத்தல்

பிசின் கலக்காத வில்லைகள் எத்தனை ஆண்டானாலும் கெடாது. புட்டியில் போட்டு ஊர், ஆழம், தேதி எழுதி ஒட்டுங்கள். பிசின் கலந்ததை அந்த வாரத் தேவைக்கு மட்டும் செய்யுங்கள். மிஞ்சினால் சிரட்டையில் ஊற்றி நிழலில் காயவிடுங்கள். பிறகு ஈரத் தூரிகையால் தொட்டே தீட்டலாம்.

முடித்த ஓவியங்களை மழைக்காலத்தில் சுவரோடு ஒட்டி மாட்டாதீர்கள், பின்பக்கம் காற்றுப் போக விரற்கடை இடைவெளி விடுங்கள். சட்டமிடாத தாள்களை அடுக்கும்போது நடுவே வெறுந்தாளும் காய்ந்த வேப்பிலையும் வையுங்கள். பிசினும் கஞ்சியும் பூச்சிக்குத் தீனி, அதனால் மாதம் ஒரு முறை அடுக்கைப் பிரித்துப் பாருங்கள். வாளிகளில் மிஞ்சிய மணலையும் தெளிவையும் செடிக்கு ஊற்றிவிடலாம். சுண்ணாம்புத் தண்ணீரை மட்டும் செடிப்பக்கம் கொண்டுபோகாதீர்கள்.